அழகு சுழியில் இல்லை, இணைப்பில் இருக்கிறது: வனப்பெழுத்து எழுத்துருக்களைப் பற்றி

ஓர் அழைப்பிதழ், ஒரு பாராட்டுச் சான்றிதழ், ஒரு சிறிய நிறுவனத்தின் லோகோ ஆகிய மூன்றுக்கும் ஆங்கிலக் கையெழுத்தைப் போல ஓடும் நேர்த்தியான எழுத்துரு ஒன்று தேவைப்படுகிறது. பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன, சில இலவசமாகவும் சில விலைக்கும் கிடைக்கின்றன. எதை வைத்துத் தரம் பிரிப்பது, எதை எங்கே பயன்படுத்துவது என்பது கேள்வி. மாதிரிப் படத்தில் முதல் எழுத்து போடும் பெரிய சுழியைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் முடிவு செய்கிறார்கள். அந்தச் சுழியைக் கையால் மறைத்துவிட்டு, இரண்டு சிறிய எழுத்துகள் சந்திக்கும் இடத்தை மட்டும் உற்றுப் பாருங்கள் என்பதுதான் என் பதில். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க, இந்த எழுத்துகள் எந்தப் பேனாவிலிருந்து பிறந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆங்கிலம் எழுதப்படும் லத்தீன் எழுத்தின் வனப்பெழுத்து (calligraphy) மரபில் இரண்டு பேனாக்கள் உண்டு. ஒன்று, முனை பட்டையாக வெட்டப்பட்ட பேனா. இதைப் பிடித்திருக்கும் கோணம் மாறாமல் கையை நகர்த்தினாலே போதும். கோடு எந்தத் திசையில் செல்கிறதோ அதற்கேற்பத் தடிப்பும் மெலிவும் தாமாக வந்துவிடும். இத்தாலியத் திருச்சபை அலுவலகங்களில் வளர்ந்த சான்சரிக் கையெழுத்து இந்தப் பேனாவின் பிள்ளை. லுடோவிகோ அர்ரிகி 1522 எனத் தேதியிட்டு வெளியிட்ட சிறு கையேடு அதைப் பொதுமக்களுக்குக் கற்பித்தது. மற்றொன்று, ஊசிபோல் கூர்மையான பேனா. இதில் திசையைவிட அழுத்தமே முக்கியம்: கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் முனையின் இரு பிளவுகளும் விரிந்து கோடு தடிக்கும்; மேல்நோக்கிச் செல்லும்போது அழுத்தவே முடியாது, அழுத்தினால் முனை தாளில் குத்திக்கொள்ளும், ஆகவே கோடு மயிரிழையாக மெலியும். நெதர்லாந்தைச் சேர்ந்த எழுத்தியல் ஆசிரியர் கெரிட் நோர்ட்சைய் முதல் வகையை இடப்பெயர்ச்சி என்றும் இரண்டாவதை விரிவாக்கம் என்றும் பிரித்தார். இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டால், கடையில் அடுக்கி வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான எழுத்துருக்கள் ஒரே நிமிடத்தில் இரண்டு குவியல்களாகிவிடும். தூரிகையில் பிறந்த மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அதன் இயல்பு நேர்த்தியைவிட வேகம், ஆகவே அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

நாம் இன்று 'நேர்த்தியான' கையெழுத்து என்று சொல்வது பெரும்பாலும் இரண்டாவது குவியலைச் சேர்ந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் செழித்த ரவுண்ட்ஹேண்ட் என்னும் கையெழுத்தே அதன் மூலம். திருமண அழைப்பிதழோடு நாம் இணைத்துப் பார்க்கும் இந்த எழுத்து உண்மையில் கணக்கர்களின் எழுத்து என்பது வேடிக்கையான செய்தி. வணிகம் பெருகியபோது பற்றுச்சீட்டுகளையும் பேரேடுகளையும் வேகமாகவும் தெளிவாகவும் எழுதுவதற்கென்றே அது பள்ளிகளில் கற்பிக்கப்பட்டது. எழுத்தாசான்களின் மாதிரிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள். அதனால்தான் காப்பர்பிளேட் என்ற பெயரும் வந்தது. ஜார்ஜ் பிக்கம் என்ற செதுக்குநர் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பெருந்தொகுப்பு, பல ஆசான்களின் கையெழுத்தை ஒரே இடத்தில் சேர்த்தது. செதுக்குளி பேனாவைவிட மெல்லிய கோட்டை இழுக்கக்கூடியது. ஆகவே அச்சில் தெரிந்த எழுத்து, ஆசானின் கையைவிடச் சற்றுத் தூய்மையாகவே இருந்தது. மாணவர்கள் அந்த அச்சைப் பார்த்து எழுதிப் பழகினார்கள். கையைப் பார்த்து உளியும், உளியைப் பார்த்துக் கையுமாக மெருகேறிய வடிவம் இது.

செப்புத் தகட்டில் எளிதாக வந்தது, ஈய எழுத்தில் வரவில்லை. ஈய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு செவ்வகக் கட்டையின் தலையில் நிற்கிறது; கட்டைக்குள் அடங்காத வாலை வெளியே நீட்டினால் அது தாங்குவதற்கு அடியில் ஒன்றும் இல்லாமல் அச்சு அழுத்தத்தில் ஒடிந்துவிடும். சாய்வு குறைவாகவும் எழுத்துகள் தனித்தனியாகவும் உள்ள கையெழுத்துக்கு இது பெரிய தடையில்லை. வெனிஸில் ஆல்டஸ் மனூசியஸ் என்ற பதிப்பாளருக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்து 1501இலேயே நூலில் வந்துவிட்டது. ரோபேர் கிரான்ஜோன் 1557இல் லியோனில் பிரெஞ்சுக் கையெழுத்தை ஒத்த அச்செழுத்தையும் வெட்டினார். ஆனால் ரவுண்ட்ஹேண்ட் அடிக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 55 பாகையில், அதாவது செங்குத்திலிருந்து 35 பாகை சாய்ந்து நிற்கும். சாதாரண அச்சு இட்டாலிக்கின் சாய்வு பெரும்பாலும் 8 முதல் 12 பாகைக்குள் அடங்கிவிடும். இவ்வளவு சாய்ந்த எழுத்துகளை நேரான கட்டைகளில் நிறுத்தி, ஒன்றின் மயிரிழை அடுத்ததன் தண்டைச் சரியாகத் தொடும்படி செய்வது எத்தனை பாடு என்று எண்ணிப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் ஃபிர்மான் டிடோ கட்டைகளையே சாய்வாக வார்த்து இதற்கு ஒரு வழி கண்டார். அப்படியும் மயிரிழைகள் தேய்ந்து, இணைப்புகளில் இடைவெளி விழுந்துகொண்டே இருந்தது.

எனவே இந்த எழுத்துகளின் உண்மையான அச்சு வாழ்வு ஈயம் விடைபெற்ற பிறகுதான் தொடங்கியது. எழுத்தை ஒளியால் படமாகப் பதிக்கும் ஒளியச்சுக் கோர்ப்பில் எழுத்து என்பது வெறும் படிமம்; ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று தாராளமாக நுழையலாம். அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தி மேத்யூ கார்ட்டர் 1960களின் நடுவில் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் என்ற எழுத்துருவை லைனோடைப் நிறுவனத்துக்காக வடிவமைத்தார். அவர் மாதிரியாக எடுத்துக்கொண்டது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த சார்ல்ஸ் ஸ்னெல் என்ற ஆசானின் கையை. ஸ்னெல் சுழிகளுக்குப் பெயர்போனவர் அல்லர். எழுத்தின் அளவுகளுக்கும் விகிதங்களுக்கும் கறாரான விதிகளை வகுத்தவர். ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி எழுதிய கை, எழுத்துருவாவதற்குப் பாதி தயாரான கை. இன்றும் ஆப்பிள் கணினிகளோடு வரும் அந்த எழுத்துருவைத் திறந்து பாருங்கள்: பெரிய எழுத்துகள்கூட அடக்கமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு சொல்லின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மயிரிழை எங்கும் அறுபடாது.

எதிர்த்திசைக்கு உதாரணம் ஹெர்மன் ட்சாஃப். இவர் பட்டைப் பேனாவின் பெருங்கலைஞர். 1944இல் தம் குறிப்பேட்டில் எழுதிய ஒரு கையெழுத்து அவரை விடவேயில்லை. 1950களின் தொடக்கத்தில் ஈயத்தில் விர்டுவோசா என்ற எழுத்தாக அதன் ஒரு பகுதியைத்தான் வெளிக்கொணர முடிந்தது, கட்டையின் எல்லை அவ்வளவுதான் அனுமதித்தது. 1998இல் ட்சாஃபினோ வெளிவந்தபோதுதான் அந்தப் பழைய கனவு முழு வடிவம் பெற்றது. அதில் ஒரே எழுத்துக்குப் பல மாற்று வடிவங்கள் உண்டு. வால்கள் வரிக்கு மேலும் கீழும் வெகுதூரம் பாயும். அந்த எழுத்துருவின் பெயரையே அதில் தட்டச்சு செய்தால், ஏழு எழுத்துகளும் சேர்ந்து ஒரே கூட்டெழுத்தாக மாறுவது அதன் செல்ல விளையாட்டு. அதன் இணைப்புகளும் ஓட்டமும் ரவுண்ட்ஹேண்டின் இயந்திர ஒழுங்கைப் பின்பற்றுவதில்லை. சில எழுத்துகள் தொடும், சில தொடாமலே அடுத்ததை நோக்கிச் சாயும். அங்கே ஓட்டத்தைக் காப்பது கோடு அல்ல, இடைவெளி. தொடாத எழுத்துகளுக்கிடையிலும் ஓட்டம் தெரிகிறதென்றால் அதுவும் இணைப்புதான்.

இனி வடிவமைப்புக்குள் சற்று ஆழமாகப் போகலாம். எழுத்துருவை வரைபவர் ஒரு சொல்லை வரைவதில்லை. எந்தச் சொல்லில் எந்த அண்டைவீட்டுக்காரர் வருவார் என்று தெரியாத தனித்தனி எழுத்துகளை வரைகிறார். ஆகவே ஒவ்வொரு சிறிய எழுத்தின் வெளியேறும் கோடும் ஒரே உயரத்தில், ஒரே கோணத்தில், ஒரே தடிப்பில் முடிய வேண்டும். அடுத்த எழுத்தின் தொடக்கம் அதே புள்ளியில் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டும் விளிம்போடு விளிம்பாக நின்றால் போதாது. மிகச் சிறிய அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரையிலும் அச்சிலும் மயிர்க்கீறல் போன்ற வெள்ளைப் பிளவு தெரியும். சாதாரண அச்செழுத்துகளில் கெர்னிங் என்னும் இணைச்சீரமைப்பு ஆயிரக்கணக்கான எழுத்து இணைகளுக்குச் செய்யப்படும். இணைந்தோடும் எழுத்துருவிலோ சிறிய எழுத்துகளுக்கிடையே அதைத் தொடவே முடியாது, தொட்டால் இணைப்பு நகர்ந்துவிடும். எனவே எழுத்தின் அகலமும் இணைப்புக் கோட்டின் நீளமும் முதலிலேயே சரியாக அமைந்தாக வேண்டும்.

பெரும்பாலான சிறிய எழுத்துகள் அடிக்கோட்டருகே வந்து வெளியேறுகின்றன. அவை பிரச்சினை தருவதில்லை. சிக்கல் 'ஓ' (o), 'பி' (b), 'வி' (v), 'டபிள்யூ' (w) ஆகிய நால்வரிடம். இவை மேலே, எழுத்தின் தோளுயரத்தில் முடிகின்றன. அங்கிருந்து கிளம்பும் கோடு, கீழிருந்து ஏறிவரும் கோட்டை எதிர்பார்த்து நிற்கும் 'இ' (e) போன்ற எழுத்தைச் சந்திக்கும்போது, ஒன்று அது மலையிறங்கிவிட்டு மறுபடி ஏற வேண்டும், அல்லது அந்த எழுத்தின் தொடக்கமே மாற வேண்டும். கையால் எழுதுபவர் இதை யோசிக்காமலே செய்துவிடுவார். எழுத்துருவிலோ, உயரத்தில் இணைபவை, தாழ இணைபவை என ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்களை வரைந்து, முன்னே யார் நிற்கிறார் என்று பார்த்து உரிய வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் விதியையும் எழுதி வைக்க வேண்டும். மைக்ரோசாஃப்டும் அடோபியும் 1996இல் அறிவித்த ஓப்பன்டைப் என்ற கோப்பு வடிவம்தான் இதைச் சாத்தியமாக்கியது. அதற்கு முந்தைய கோப்புகளில் ஒரு நேரத்தில் 256 இடங்களே கிடைத்தன. மாற்று வடிவங்களைத் தனித்தனி எழுத்துருக்களாகப் பிரித்து விற்றார்கள், பயனர் ஒவ்வோர் எழுத்தாகக் கையால் மாற்றிக்கொண்டிருந்தார். ஓப்பன்டைப்பில் ஒரே கோப்பில் 65 ஆயிரம் வடிவங்கள்வரை அடங்கும். பிக்கமின் தொகுப்பை மாதிரியாகக் கொண்டு ரிச்சர்ட் லிப்டன் 1997இல் அடோபிக்காக வடிவமைத்த பிக்கம் ஸ்கிரிப்ட், பின்னர் ஓப்பன்டைப் வடிவத்துக்கு வந்தபோது அதன் இயல்பே மாறியது என்று சொல்லலாம்: சொல்லின் தொடக்கம், நடு, இறுதி என்று இடமறிந்து எழுத்து தன் வடிவத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது. விலையுள்ளதற்கும் இலவசமானதற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத விதிகளில்தான் இருக்கிறது, சுழிகளின் எண்ணிக்கையில் அல்ல.

சோதனை எளிது. ஆங்கிலத்தில் 'மினிமம்' (minimum) என்ற சொல்லைத் தட்டச்சு செய்யுங்கள். அந்தச் சொல் முழுவதும் கீழ்நோக்கி இழுத்த ஒரே வகைக் கோடுகளின் வரிசை. கோடுகளுக்கிடையேயான வெள்ளை, எழுத்துக்குள்ளும் எழுத்துகளுக்கிடையிலும் சமமாக விழுந்தால் வேலி போட்டதுபோல் சீராகத் தெரியும், இல்லாவிட்டால் எங்காவது ஒரு பல் விழுந்ததுபோல் இருக்கும். அடுத்ததாக 'ஓ'வுக்குப் பின் 'எஸ்' (os), 'பி'க்குப் பின் 'ஆர்' (br), 'டபிள்யூ'வுக்குப் பின் 'என்' (wn), இரட்டை 'டி' (tt) ஆகியவற்றைப் போட்டுப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு, உங்களுக்குத் தேவையான பெயரையே போடுங்கள். மாதிரிப் படத்தில் விற்பவர் தேர்ந்தெடுக்கும் சொல், தன் எழுத்துரு நன்றாகத் தெரியும் சொல்தான்; உங்கள் சொல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

பேனாவின் தர்க்கம் மீறப்படுகிறதா என்பது அடுத்த சோதனை. கூர்முனைப் பேனாவால் மேல்நோக்கிய கோட்டைத் தடிப்பாக எழுத முடியாது என்று சொன்னேன். ஆகவே எழுத்துருவின் ஒரு பெரிய எழுத்தை எடுத்துக்கொண்டு, அதை எழுதும் கை எங்கே தொடங்கி எப்படிப் போயிருக்கும் என்று விரலால் காற்றில் வரைந்து பாருங்கள். ஏறும் கோடு தடித்திருந்தாலோ, ஒரே கோட்டில் தடிப்பு திடீரென்று வந்து திடீரென்று மறைந்தாலோ, இரண்டு தடித்த கோடுகள் ஒன்றையொன்று வெட்டினாலோ, அதை வரைந்தவர் பேனாவைப் பிடித்துப் பார்த்ததில்லை என்று பொருள். தடித்த கோட்டின்மேல் மெல்லிய கோடு குறுக்கே போகலாம். தடிப்பும் தடிப்பும் மோதக்கூடாது என்பது பழைய ஆசான்களின் ஒழுங்கு. சுழிகளைப் பொறுத்தவரை என் அளவுகோல் ஒன்றே: சுழியை நீக்கினாலும் எழுத்து முழுமையாக நின்றால் அது நல்ல சுழி. சுழி இல்லாமல் எழுத்து எதுவென்றே தெரியாமல் போனால், அது அழகல்ல, மறைப்பு.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். கோகோ கோலாவின் புகழ்பெற்ற எழுத்தைக் காட்டி, இது என்ன எழுத்துரு என்று பலர் கேட்பதுண்டு. அது எழுத்துருவே அல்ல. 1886இல் அந்நிறுவனத்தின் கணக்காளராக இருந்த ஃபிராங்க் ராபின்சன், அக்காலத்து அமெரிக்காவில் பரவலாகக் கற்பிக்கப்பட்ட ஸ்பென்சரியன் கையெழுத்துப் பாணியில் எழுதியது அது. அங்குள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் தன் அண்டைவீட்டுக்காரரைத் தெரியும். முதல் 'சி'யின் வால் எங்கே ஓட வேண்டும் என்பது அந்த இரண்டு சொற்களுக்காக மட்டுமே தீர்மானிக்கப்பட்டது. ஆகவே லோகோவுக்கு எழுத்துரு தேடுபவர்களுக்கு நான் சொல்வது: நல்ல எழுத்துரு ஒன்றைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். எழுத்துகளைக் கோட்டுருவாக, அதாவது தட்டச்சு எழுத்தாக இல்லாமல் இழுத்து மாற்றக்கூடிய வெளிக்கோட்டு உருவங்களாக மாற்றி, ஒரு வாலைக் குறைத்து, ஓர் இணைப்பை நீட்டி, அந்தப் பெயருக்கென்றே சீரமைக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அதே எழுத்துருவை வாங்கிய இன்னொருவரின் பெயரும் அப்படியே இருக்கும் என்ற தொல்லை அப்போது இராது. அவ்வாறு மாற்றுவதையும், வணிகச் சின்னமாகப் பதிவதையும் உரிமம் அனுமதிக்கிறதா என்று முன்னதாகவே படித்துவிடுவது அவசியம். சில உரிமங்கள் அச்சுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று, செயலிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும்.

இலவசமானவற்றில் நல்லவை இல்லையா என்றால், உண்டு. திறந்த உரிமத்தில் கிடைக்கும் பின்யன் ஸ்கிரிப்ட் ரவுண்ட்ஹேண்ட் மரபுக்கு நெருக்கமானது. கிரேட் வைப்ஸ் சற்றுத் தளர்வான, பெரிய வளைவுகளைக் கொண்டது. பெட்டிட் ஃபார்மல் ஸ்கிரிப்ட், தடிப்புக்கும் மெலிவுக்குமான வேறுபாட்டைக் குறைத்து, சிறிய எழுத்துகளின் உடலைப் பெரிதாக்கி, திரையில் சற்றுச் சிறிய அளவிலும் படிக்கும்படி செய்யப்பட்டது. மூன்றும் மூன்று வேலைக்கானவை. கிரேட் வைப்ஸை அளவுக்கு மீறிப் பார்த்துச் சலித்துவிட்டேன் என்பது என் சொந்தக் குறை, அந்த எழுத்துருவின் குறையல்ல.

பயன்பாட்டில் நிகழும் பிழைகளில் இரண்டு, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியவை. முதலாவது, சொல் முழுவதையும் பெரிய எழுத்துகளிலேயே அமைப்பது. இந்த மரபில் பெரிய எழுத்து ஊர்வலத்தின் முன்னே செல்லும் யானையைப் போன்றது; அதன் சுழி, பின்னால் அடக்கமாக வரும் சிறிய எழுத்துகளை நம்பியே வரையப்பட்டிருக்கிறது. யானைகளை மட்டும் நிறுத்தினால் தும்பிக்கைகள் பின்னிக்கொள்ளும்; படிக்கவே முடியாது. சுருக்கப்பெயர்கள் வந்தால் வேறு எழுத்துருவில் போடுங்கள். இரண்டாவது, எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டுவது. வடிவமைப்பாளர் மயிரிழை அளவில் பொருத்திய இணைப்புகள் அத்தனையும் அந்த ஒரே அசைவில் அறுந்துவிடும். பத்தியை இருபுறமும் சமன்செய்யும்போது மென்பொருள் தானாகவே இடைவெளியைக் கூட்டிவிடக்கூடும் என்பதால், இத்தகைய வரிகளை நடுவாகவோ இடப்புறம் ஒட்டியோ மட்டும் அமைப்பது நல்லது. போலித் தடிப்பும் போலிச் சாய்வும் கூடவே கூடாது. ஏற்கெனவே 35 பாகை சாய்ந்திருக்கும் எழுத்தை இன்னும் சாய்த்தால் விழுந்துவிடும்.

விலை கொடுத்து வாங்கிய எழுத்துருவும் இணைப்பு அறுந்து தெரிகிறது என்று புகார் சொல்பவர்களில் பலர், மென்பொருளில் உரிய அமைப்பை இயக்காதவர்கள். வேர்டு 2010 முதல் இந்த வசதி இருக்கிறது. ஆனால் எழுத்துரு உரையாடல் பெட்டியின் மேம்பட்ட பகுதிக்குப் போய், சூழலுக்கேற்ற மாற்று வடிவங்களையும் கூட்டெழுத்துகளையும் நாமாகத்தான் இயக்க வேண்டும். வரைகலை மென்பொருள்களில் ஓப்பன்டைப் பலகையில் அதே தேர்வுகள் இருக்கும். வரியிடைவெளியையும் தாராளமாக விடுங்கள். மேல்வரியின் 'ஜி'யின் வால், கீழ்வரியின் 'எல்'லின் கொண்டையில் சிக்கிக்கொள்வது இந்த எழுத்துகளில் அடிக்கடி நிகழும். அப்போது இடைவெளியைக் கூட்டுவதைவிட, வரியைப் பிரிக்கும் இடத்தை மாற்றுவது பல நேரங்களில் நேர்த்தியான தீர்வாக அமையும்.

அச்சுக்குப் போகும்போது கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். எழுத்துருவின் சதுரம் பொதுவாக 1000 அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மயிரிழை அதில் 12 அலகு தடிப்பு என்று வைத்துக்கொண்டால், 20 பாயிண்ட் அளவில் அது 0.24 பாயிண்ட். அச்சில் பாதுகாப்பான மிக மெல்லிய கோடு 0.25 பாயிண்ட் என்பது பொதுவான நடைமுறை எல்லை. அதற்குக் கீழே போனால் கோடு புள்ளி புள்ளியாக அறுபடும். அதே எழுத்தை 48 பாயிண்டில் போட்டால் 0.58 பாயிண்ட் கிடைக்கும், கவலையில்லை. இது வெள்ளைத் தாளில் கறுப்பு மைக்கான கணக்கு. கருநிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக விட்டால், சுற்றியுள்ள மை பரவி மயிரிழையை விழுங்கிவிடும். அங்கே குறைந்தது இரு மடங்கு தடிப்பு வேண்டும். இதை நான் கற்றது ஒரு சான்றிதழ் வேலையில்தான். அடர்நீலப் பட்டையில் வெள்ளையாக எழுதிய பெயர்கள், திரையில் பளிச்சென்று இருந்தவை, அச்சாகி வந்தபோது தடித்த கோடுகள் மட்டும் தனித்தனித் தூண்களாக நின்றன. இணைப்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை. தவறு அச்சகத்துடையது அல்ல, என்னுடையது. கலப்பு நிறங்களிலும் இதே ஆபத்து உண்டு: நான்கு மைகளின் புள்ளிகளால் உருவாகும் சாம்பலிலோ வெளிர்பழுப்பிலோ மெல்லிய கோடு உடையும், ஆகவே இவ்வெழுத்துகளுக்கு முழுக் கறுப்போ, தனி மையோதான் பொருத்தம். பொன்தாள் பதிப்பு, புடைப்பு அச்சு ஆகியவற்றுக்கு இன்னும் தடித்த வடிவம் வேண்டும்.

வெட்டுப் பொறிக்கோ லேசர் செதுக்கலுக்கோ அனுப்பினால் வேறொரு சிக்கல் எழும். இணைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன என்று முன்பே சொன்னேன். பொறி அந்த ஏற்றத்தையும் தனித்தனி விளிம்பாக எண்ணி வெட்டிவிடும். எல்லா எழுத்துகளையும் ஒரே உருவமாக ஒன்றிணைத்த பிறகே கோப்பை அனுப்ப வேண்டும். ஒளிபுகும் நிறம் கொடுத்தால் இணைப்புகளில் கறுத்த முடிச்சுகள் தெரிவதற்கும் காரணம் இதுவே.

திரையில் இவ்வெழுத்தை நீண்ட உரைக்குப் பயன்படுத்துவதை நான் எந்நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். பெயர், தலைப்பு, ஒரு வரி வாழ்த்து ஆகியவற்றோடு நிறுத்துங்கள். நேரம், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை தெளிவான அச்செழுத்தில் இருக்கட்டும். இணைந்தோடும் ஆங்கிலக் கையெழுத்தைப் பள்ளியில் கற்காதவர்களுக்கு இதன் பெரிய 'எஸ்' (S), 'எல்' (L), 'டி' (T), 'எஃப்' (F) ஆகியவற்றைப் பிரித்தறிவது உண்மையிலேயே கடினம். சமூக வலைத்தளங்களில் தம் பெயரை இப்பாணியில் காட்டுவதற்காகச் சிலர் பயன்படுத்தும் 'அழகெழுத்துகள்' எழுத்துருவே அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவை யூனிகோடில் கணிதக் குறியீடுகளுக்கென்று ஒதுக்கப்பட்ட எழுத்துகள். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அவற்றை ஒவ்வொன்றாகக் குறியீடு என்று வாசிக்கும் அல்லது வாசிக்காமலே கடந்துவிடும்.

உடன் வரும் அச்செழுத்தைத் தேர்ந்தெடுக்க, தொடக்கத்தில் சொன்ன இரண்டு பேனாக்களே வழிகாட்டும். ரவுண்ட்ஹேண்ட் வகைக்கு போடோனி, டிடோ போன்ற அச்செழுத்துகள் இயல்பாகச் சேரும், ஏனென்றால் அவற்றின் செங்குத்தான தடிப்பும் மயிரிழையும் கூர்முனைப் பேனாவின் வழிவந்தவை. சான்சரி வகைக்கு காரமோன் போன்ற பழைய பாணி எழுத்துகள் பொருந்தும், அவை பட்டைப் பேனாவின் உறவினர். இந்தக் கணக்கு வேண்டாம் என்றால், சுழியும் கொம்பும் இல்லாத எளிய சான்ஸ் செரிஃப் (sans serif) எழுத்து ஒன்றை எடுங்கள். எப்படியாயினும் ஒரே பக்கத்தில் இரண்டு வனப்பெழுத்துகளை மட்டும் மோதவிட வேண்டாம்.

ஒரே அழைப்பிதழில் தமிழும் வரும் என்றால், தமிழ் எழுத்தையும் இதே பாணியில் சாய்த்து இணைக்கலாமா என்ற கேள்வி எழும். நம் எழுத்து எழுத்தாணியால் ஓலையில் கீறி வளர்ந்தது. கோட்டின் தடிப்பு அதிகம் மாறாது, எழுத்துகள் தனித்தனியாகவே நிற்கும், ஓட்டம் முழுவதும் எழுத்தின் உட்சுழிகளில் அடங்கியிருக்கும். 'ண', 'ஞ', 'இ' போன்றவற்றில் கூர்முனைப் பேனாவின் தடிப்பைத் திணித்துச் சாய்த்தால், உள்ளிருக்கும் கண்கள் அடைத்துக்கொள்ளும்; செயற்கையாக இழுத்த இணைப்புக் கோடு துணைக்காலோ கொம்போ என்று மயங்க வைக்கும். பட்டைப் பேனாவில் எழுதிய தமிழ் இவ்வகையில் எவ்வளவோ மேல், அதன் தடிப்பும் மெலிவும் வளைவுகளோடு இயல்பாகத் திரும்புகின்றன. எனவே ஆங்கிலப் பெயர் ரவுண்ட்ஹேண்டில் இருந்தால், தமிழை நேரான, மெல்லிய, வளைவுகள் திறந்த எழுத்துருவில் சற்றுப் பெரிதாக அமைப்பதே என் தேர்வு. இரண்டும் ஒரே உடையில் இருக்க வேண்டியதில்லை.

கோப்பை அச்சகத்துக்குக் கொடுக்கும்போது எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிக் கொடுங்கள், அங்குள்ள மென்பொருள் மாற்று வடிவங்களின் விதிகளை இயக்காமல் விட்டுவிடக்கூடும். ஆனால் மாற்றாத மூலக்கோப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று தெரிய வந்தால், கோட்டுருவில் அதைச் செருக இடமிருக்காது. மூலக்கோப்பில் தட்டச்சு செய்து சேர்த்தால், அதன் இரு பக்கத்து எழுத்துகளும் தம் கைகளைத் தாமே மாற்றிக்கொண்டு அதை இணைத்துக்கொள்ளும்.